சருகுக் குழியும் மூன்றாம் தண்ணீரும்

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் மூன்று மரங்கள் இருந்தன. பாதாம் மரம் தை மாதமே இலை சிவந்து, தைக் கடைசியில் மொத்தமாகக் கொட்டிவிடும். வேம்பு மாசிக் கடைசியில் தொடங்கிப் பங்குனி பாதிக்குள் முடித்துக்கொள்ளும். மாமரத்துக்கு மட்டும் ஒழுங்கு கிடையாது. வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் நான் டைரியில் குறித்துவந்தேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. தேதி போடாத எதையும் நம்பக் கூடாது என்று பழகிய கை.

ஆரணியில் அப்போது எல்லாரும் சருகைக் கூட்டிக் கொளுத்தினார்கள். நானும் கொளுத்தியவன்தான். எழுபதுகளின் பிற்பகுதியில், கிணறு வற்றிய ஒரு கோடைக்குப் பிறகு, நூலகத்தில் விவசாயம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். செடியின் தூரைச் சுற்றி இலைத்தூளைப் பரப்பி மூடாக்குப் போட்டால் மண் காயாது, இருக்கிற தண்ணீர் போதும் என்று எல்லாப் புத்தகமும் ஒரே குரலில் சொன்னது. எங்கள் வீட்டில் காப்பாற்ற வேண்டியது என் மனைவியின் மல்லிகைப் பாத்தி ஒன்றுதான். அதோடு ஒரு எருக்குழியும் வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதே மாசியில்தான் என் மனைவி பின் தாழ்வாரத்தில் தையல் வகுப்புத் தொடங்கினாள். கல்யாணத்துக்கு முன்பே தையல் பரீட்சை தேறியவள். குழந்தைகள், என் மாற்றல்கள், என் தகப்பனாரின் நோய் என்று அது தள்ளிப்போய்க்கொண்டே வந்து, கடைசியாக அந்த வருஷம்தான் கைகூடியது. தெருவில் பெரும்பாலும் தறி வீடுகள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பெண்கள் வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் சிலர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயும் கத்தரிக்கோலுமாக வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் "டீச்சர்" என்று கூப்பிட்டபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இருபது வயதில் போட்டிருக்க வேண்டிய முகத்தைப் பீரோவில் மடித்து வைத்திருந்து எடுத்துப் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது.

சருகு விஷயத்துக்கு வருகிறேன். இலையை முழுசாகக் குழியில் போட்டால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, நனைந்த காகிதக் கட்டுபோல ஒட்டிக்கொள்ளும். மேலே ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காது. அதனால் துண்டாக்க வேண்டும். இதைப் புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. எதை வைத்துத் துண்டாக்குவது என்று சொல்வதில்லை. அதற்கென்று மேல்நாட்டில் யந்திரம் உண்டாம். ஆரணியில் இருந்த யந்திரம் என் இரண்டு கைகள்.

முதலில் அரிவாள்மணையில் அரிந்தேன். காய்ந்த இலை கீரைபோல அடங்கி உட்காராது. கத்தியில் பட்டதும் பறக்கும். மனைவி அரிவாள்மணையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகு கோணிப்பையில் சருகை அடைத்து வாயைக் கட்டித் தடியால் அடித்தேன். காலையில் பனி ஈரத்தோடு அடித்தால் இலை வளையுமே தவிர உடையாது. உச்சி வெயிலில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் அடித்தால் அப்பளம்போல நொறுங்கும். வேப்பிலை பொடியாகிவிடும், ஈர்க்கு மட்டும் எஞ்சும். அந்தப் பொடியில் கொஞ்சத்தை மல்லிகைத் தூரில் பரப்பினேன், மிச்சம் குழிக்கு. பாதாம் இலைதான் அராஜகம். அதன் நடுநரம்பு தடியைப் பார்த்துச் சிரிக்கும். அதைப் பையோடு தரையில் போட்டு ஏறி மிதிக்க வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, தூசு பறந்துவந்து தறியில் பூட்டிய பாவு நூலில் ஒட்டுகிறது, அது பட்டு நூல் சார், கொஞ்சம் தள்ளிப் போய் அடியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நியாயம்தான். வேலையைச் சந்துப் பக்கம் மாற்றினேன். வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சந்து. அதில் பின்புறத்துக்குத் திறக்கும் ஒரு மரக்கதவு. தையல் பெண்கள் வருவதும் அந்தக் கதவு வழியாகத்தான்.

பங்குனி தொடக்கத்தில் மின்சார ஊழியர்கள் வந்து, கம்பியில் உரசிய வேப்பங்கிளைகளை வெட்டிச் சந்தில் போட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அது கடவுள் கொடுத்த பரிசு என்று தோன்றியது. ஏனென்றால் குழியில் சருகு ஒரு அடுக்கு, பச்சைத்தழை ஒரு அடுக்கு, சாணக் கரைசல் ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். பச்சைத்தழைக்கு எங்கே போவது என்று தவித்துக்கொண்டிருந்தேன். ஆனால் தெரு ஆடுகளுக்கும் அதே தேவை இருந்தது. நான் கோணி எடுத்துவர உள்ளே போய்வருவதற்குள் பாதியைத் தின்றுவிட்டன. மிச்சத்தைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, ஆட்டுக்கு எட்டாத உயரத்தில், சந்துக் கதவின் மேல் ஓட்டு இடுக்கில் செருகி வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவிகாபுரத்திலிருந்து என் மாமியார் பஸ் ஏறி வந்தார். அவருக்கு வயிறு சரியில்லை. அதனால் வீட்டில் தாளிப்பு, பொரியல் எல்லாம் நின்று, எல்லாருக்கும் கஞ்சியும் மோரும் என்று ஆனது. அவர் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசமாட்டார். அது அந்தக் காலத்து மரியாதை. எனக்குச் சொல்ல வேண்டியதை எனக்குக் கேட்கும்படி மகளிடம் சொல்வார். நானும் பதிலை அவளிடமே சொல்வேன்.

"கதவுல வேப்பிலை எதுக்குன்னு கேளு," என்றார் முதல் நாளே.

"எருவுக்குன்னு சொல்லு," என்றேன்.

"பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்கன்னு கேளு."

"குப்பையா இருக்குன்னா ஒழுங்கு பண்ணிடறேன்னு சொல்லு."

நடுவில் இருந்தவள் ஒரு ரவிக்கைக் கையை மிஷினில் ஓட்டிக்கொண்டு, இருவருக்கும் தலையாட்டினாள். ஒரு வார்த்தையும் அவள் காதில் ஏறவில்லை என்று பின்னால் தெரிந்தது. நான் சொன்னபடியே ஒழுங்கு செய்தேன். கொத்துகளை ஒரே அளவாக நறுக்கி, கதவுக்கு இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதி, சரியான இடைவெளியில் தொங்கவிட்டேன். மாமியார் பார்த்துவிட்டுச் சமையலறைச் சுவரிடம் ஏதோ சொன்னார்.

மறுநாள் மாமரச் சருகை அள்ளும்போது அதிலிருந்த கம்பளிப்பூச்சிகள் என் கையிலும் கழுத்திலும் ஏறிவிட்டன. சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. மாமியார் மகள் வழியாக மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொன்னார். பூசிக்கொண்டேன். அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, சும்மா உட்கார மனமில்லாமல் குழியைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை, பக்கத்து வீட்டுத் தறிக்காரரின் மனைவி சந்தில் கதவுக்குச் சற்றுத் தள்ளி நின்று என்னைக் கூப்பிட்டார். எங்களைவிட மூத்தவர், அவருடைய மகளும் மகளின் தோழிகளும்தான் வகுப்புக்கு முதலில் வந்தவர்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சார், வூட்ல அம்மா வந்துகீறாங்களாமே?"

"ஆமாங்க. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வந்தாங்க."

அவர் கைகூப்பினார். மாமியாருக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது.

"மனசு குளுந்து இருக்கட்டும் சார். எத்தினி நாள் இருப்பாங்க?"

"அது அவங்க இஷ்டம். வந்தவங்கள போங்கன்னு நாம சொல்ல முடியுமா?"

"சொல்லவே கூடாது. கோச்சிக்குவாங்க."

"கொஞ்சம் கோவக்காரங்கதான்," என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் என் மஞ்சள் கையையும், காலடியில் இருந்த தண்ணீர்க் குடத்தையும் பார்த்தார்.

"தண்ணி ஊத்திட்டீங்களா?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இத்தனை நாளில் என் குழியைப் பற்றி விவரம் தெரிந்து கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"மொத தண்ணி ஊத்தியாச்சுங்க. இன்னும் சூடு அடங்கல. கைய வெச்சா கொதிக்குது. ரெண்டாந்தண்ணி வியாழக்கிழமை ஊத்தலாம்னு."

"மூணாந்தண்ணி ஊத்தினாதான் சார் எறங்கும்."

"அதேதாங்க. மூணு தண்ணியில நல்லா எறங்கிடும்."

மறுபடி கைகூப்பிவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் திரும்பிப் போனார். அன்றைய டைரியில், தெருவில் எரு பற்றிய அறிவு நான் நினைத்ததைவிட அதிகம் என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை. அடித்தால் டைரிக்கு மரியாதை இல்லை.

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் வகுப்புக்கு வரவில்லை. புதன்கிழமை அவளுடைய தோழிகள் வரவில்லை. வியாழக்கிழமை, நான் குழிக்கு இரண்டாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, தாழ்வாரத்தில் பாயும் மிஷினும் மட்டும் இருந்தன. என் மனைவி மிஷின் முன்னால் உட்கார்ந்து, நூல் கோக்காத ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தின வாரம் ஒரு பெண்ணின் கழுத்துப் பட்டியைக் கோணலாக இருக்கிறது என்று பிரிக்கச் சொன்னாளாம். அவள் பிரித்தாள். மறுபடி தைத்ததும் கோணல். மறுபடி பிரிக்கச் சொன்னாளாம். அதனால்தான் நின்றுவிட்டார்கள் என்று இவள் தீர்மானித்துவிட்டாள். கடைவீதிப் பக்கம் வேறொரு அம்மாள் தையல் சொல்லித்தருகிறார். அங்கே பிரிக்கச் சொல்லமாட்டார்கள், அங்கே போயிருப்பார்கள் என்றாள். தனக்குக் கற்றுக்கொடுக்க வரவில்லை, தைக்கத்தான் வரும், மிஷினைத் துணிபோட்டு மூடிவிடலாம் என்றாள். நான் எதையாவது சொல்லித் தேற்றியிருக்கலாம். பாதாம் இலை இன்னும் மக்கவில்லை என்ற கவலையில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவளே பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினாள். போன வேகத்தில் திரும்பினாள். அந்த அம்மாள் வாசலிலேயே நிறுத்திவிட்டாராம். உள்ளே வா என்று சொல்லவில்லையாம். பெண்கள் ஏன் வரவில்லை அக்கா என்று கேட்டதற்கு, "நீங்க இப்ப வெளிய வரலாமா டீச்சர், வூட்ல இருங்க, எல்லாம் எறங்கட்டும்," என்று மட்டும் சொன்னாராம். எது இறங்கட்டும் என்று கேட்டதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

வழக்கமாக முன்வாசல் வழியாக வருகிறவள், அழுகையை மறைக்கச் சந்து வழியாக வந்திருக்கிறாள். சந்துக் கதவுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டாள். பிறகு, வழக்கமாகக் கூப்பிடுகிற "ஏங்க"கூட இல்லாமல், "இங்க வாங்க" என்றாள். நான் கோணியும் தடியுமாகப் போனேன்.

"உள்ள நிக்காதீங்க. வெளிய வந்து நில்லுங்க. இப்பப் பாருங்க."

பார்த்தேன். கதவின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் தொங்கும் வேப்பிலைக் கொத்துகள். கீழே தண்ணீர்க் குடம். நிலைப்படியில் சிந்தி உலர்ந்த மஞ்சள். ஒரு வாரமாகத் தாளிப்பு வாசனை வராத வீடு. அதற்குள்ளிருந்து உடம்பெல்லாம் சிவந்து மஞ்சள் பூசிய ஒருவன் வெளியே வந்து நிற்கிறான். பங்குனி வெயிலில், அம்மை காலத்தில்.

காரணம் தெரிந்தவர்களுக்கு ஒரு பொருள் வெறும் பொருளாகத்தான் தெரியும், அடையாளமாகத் தெரியாது. எனக்கு அது பச்சைத்தழை. அவளுக்கு அது என் பைத்தியம். தெருவில் மற்ற எல்லாருக்கும் அது, இந்த வீட்டில் ஆத்தா வந்திருக்கிறாள், உள்ளே வராதே, கேள்வி கேட்காதே, சொல்லிக்கொள்ளாமல் போ என்ற அறிவிப்பு. அம்மை வந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள், என்ன ஏது என்று விசாரிக்கமாட்டார்கள். அந்த நாகரிகம்தான் என்னைக் கொன்றது. கொஞ்சம் மரியாதை குறைந்த தெருவாக இருந்திருந்தால் முதல் நாளே விஷயம் முடிந்திருக்கும்.

"அம்மா வந்திருக்காங்களான்னு அவங்க கேட்டாங்களா?" என்றாள் மனைவி.

"கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னதையெல்லாம் சொன்னேன், தண்ணீர் உட்பட. அவள் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளேயிருந்து மாமியாரின் குரல் சுவரிடம், "நான் மொத நாளே சொன்னேன்," என்றது.

இதில் சிரமம் ஒன்றுமில்லை, உண்மையைச் சொன்னால் தீர்ந்தது என்று நினைத்தேன். படித்தவன் செய்யும் தப்பு அதுதான். கையோடு போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் நின்று, அம்மை கிம்மை ஒன்றும் இல்லை, வேப்பிலை எருவுக்கு, தடிப்பு கம்பளிப்பூச்சியால் என்று வரிசையாக விளக்கினேன். அந்த அம்மாள் பதறிப்போனார்.

"வந்தவள வரலைன்னு சொல்லாதீங்க சார். பொல்லாதவ."

"கம்பளிப்பூச்சிங்க."

"அவ எந்த ரூபத்துல வேணா வருவா."

இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் கிடையாது. அம்மா என்று நான் சொன்னது என் மாமியாரைத்தான் என்றேன். அவர் என் தோளுக்குமேல் எங்கள் வீட்டைப் பார்த்து, மாமியார்மேலும் இறங்கிவிட்டாளா என்று பயபக்தியோடு கேட்டார். தறியை நிறுத்திவிட்டு அவருடைய கணவர் வெளியே வந்தார். அவர் வேறு ஒரு கோணத்தைப் பிடித்துக்கொண்டார். பெரியம்மை கண்டால் உடனே தகவல் சொல்லச் சொல்லி அரசாங்கம் ஊர்ச் சுவரெல்லாம் எழுதிய காலம் போய்ச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பயந்து நான் மறைக்கிறேன் என்று அவர் நினைத்தார்.

"கவர்மெண்டு உத்தியோகம், உங்க பயம் புரியுது சார்," என்று என்னை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார். "ஹெல்த்து ஆளுங்க வந்தா தெருவுல ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டோம். நீங்க போயி படுங்க."

பேஜார் பிடித்துத் திரும்பினேன். நான் மறுக்க மறுக்க விஷயம் உறுதியாகிக்கொண்டே போனது. மாலைக்குள், சாருக்கு அம்மை சூட்டில் புத்தி தடுமாறி, தெருவில் இறங்கிப் பேசுகிறார் என்ற பேச்சு வந்துவிட்டது. பால்காரர் படலுக்கு வெளியிலேயே செம்பை வைத்துவிட்டுப் போனார். எருக்குழியும் மாட்டிக்கொண்டது. வேப்பிலை ஆத்தாவின் தழை, காலில் மிதிபடக் கூடாதாம். கோணியில் அடைத்து நான் ஏறி மிதித்ததைப் பார்த்திருந்த தறிக்காரர், மதில்மேல் எட்டி, இனிமேல் மிதிக்க வேண்டாம் சார் என்று கெஞ்சினார். பாதாம் இலை பாதி மிதிபட்டும் படாமலும் பையிலேயே கிடந்தது.

இரவுச் சாப்பாட்டில், வெறும் கஞ்சிதான், என் மனைவி முடிவைச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை உங்களுக்குத் தண்ணி ஊத்திடலாம்."

மறுத்தேன். இல்லாத நோய்க்குத் தலைமுழுகுவது பொய்ச் சாட்சி சொல்வதற்குச் சமம் என்றேன். இன்று நாம் இதற்கு இணங்கினால் நாளை தெரு முழுக்க இதைச் சரித்திரமாகச் சொல்லும் என்றேன். தொடர்ந்து சில அறிஞர்களையும் துணைக்கு அழைத்தேன்.

அவள் என் கஞ்சிக்கு மோர் விட்டாள். நான் முடித்ததும் சொன்னாள்: "உங்களுக்கு எது நடந்துச்சு, எது நடக்கலங்கறது முக்கியம். எனக்கு அந்தப் பொண்ணுங்க திரும்பி வரணும். அதுங்க போனது நான் பிரிக்கச் சொன்னதால இல்லன்னு தெரிஞ்சப்பறம் எனக்கு இருந்த நிம்மதி உங்களுக்குத் தெரியாது. ஒரு குடம் தண்ணிக்கு இவ்ளோ பேசறீங்க."

சுவரிடம் பேசுகிறவர் முதன்முறையாக என் பக்கம் திரும்பி, நேராக என்னிடம், "ஊத்திக்குங்க மாப்ள," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்டாவில் தண்ணீர் பிடித்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்தார்கள். வேப்பிலைக்கு எங்கும் போகவில்லை. குழியின் மேல் அடுக்குக்கு நான் பாதுகாத்து வைத்திருந்த கொத்துகள் கதவிலிருந்து இறங்கி அண்டாவுக்குள் போயின. பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, தலைக்கு முதலில், பிறகு வலத்தோள், அவசரப்படாதீங்க என்று நடத்திவைத்தார். இடுப்பில் துண்டோடு பலகையில் உட்கார்ந்து, மனைவி ஊற்ற ஊற்ற நனைந்தேன். மூன்றாம் தண்ணீர் என்று அவர் சொன்னதும், மொதலும் ரெண்டாவதும் எனக்கு ஊத்தலீங்க, குழிக்கு ஊத்தினது என்று கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வாயில் தண்ணீர் போனது. யார் காதிலும் விழவில்லை. தண்ணீர் ஓடி மல்லிகைப் பாத்தியில் நின்றது. அந்த வாரத்தில் பாத்திக்குப் போன தண்ணீர் அது ஒன்றுதான்.

அம்மன் கோயிலுக்கு மோர் கொடுத்து அனுப்பினோம். வீட்டில் கடுகு தாளித்தார்கள். அந்த வாசனை மதிலைத் தாண்டியதும் பக்கத்து வீட்டில் தறி ஓடத் தொடங்கியது.

திங்கட்கிழமை நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது தாழ்வாரம் நிறைந்திருந்தது. போனவர்களோடு, அதுவரை வராத புதிய பெண்களும் பாயோடு வந்திருந்தார்கள். ஆத்தா வந்து தங்கிப்போன வீட்டில் கற்றுக்கொண்டால் கை ஓடும் என்று தாய்மார்கள் அனுப்பினார்களாம். என் மனைவி ஒரு பெண்ணிடம் கழுத்துப் பட்டியைக் காட்டி, கோணல், பிரி என்றாள். அந்தப் பெண் பிரித்தாள்.

குழியை ஆனி மாதம் திறந்தபோது வேப்பந்தூள் மக்கிக் கறுப்பாக, மணமாக இருந்தது. பாதாம் இலைகள் நரம்பு நரம்பாக அப்படியே கிடந்தன. மல்லிகை பிழைத்தது. இதில் மூடாக்குக்கு எவ்வளவு பங்கு, அண்டாத் தண்ணீருக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. குறிப்பில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், அந்த முதல் பெண், பக்கத்து வீட்டு மகள், முள்ளிப்பட்டிலிருந்து கைக்குழந்தையோடு வந்தாள். கல்யாணமாகிப் போன இடத்தில் தானும் ஒரு வகுப்பு வைக்கப் போகிறாளாம். டீச்சரிடம் எந்த வருஷம் படித்தோம் என்று ஒரு சான்று வேண்டுமாம். தேதி என்றால் என் வேலை என்பதால் நான் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு, எந்த வருஷம் சேர்ந்தாய் என்று கேட்டேன்.

"சாருக்கு அம்மா வந்த வருசம் சார்," என்றாள்.

அப்படி ஒரு வருஷமே கிடையாது என்று பொறுமையாகத் தொடங்கி, டைரியைப் புரட்டி, சரியான வருஷத்தையும் மாதத்தையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பி, "அதுதானே டீச்சர்?" என்றாள்.

மனைவி பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

"அதேதான்டி. அம்மா வந்த வருஷம். அவர் சொல்ற நம்பரையே போடட்டும்."

போட்டேன். அந்தப் பெண் காகிதத்தை வாங்கிக்கொண்டு, என் முகத்தையும் கழுத்தையும் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்தாள். ஆத்தா ஒரு தழும்புகூட விடாமல் போயிருக்கிறாள் என்று குழந்தைக்குக் காட்டினாள்.